கேப்புக்கும் தோட்டாவுக்கும் நடுவே

எங்கள் தாத்தாவிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. ஒத்தக்குழல், வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற ரகம். ஊரில் அதற்குக் கேப்புத் துப்பாக்கி என்றுதான் பெயர். சின்னமனூருக்கு மேற்கே மானாவாரிக் காட்டில் கடலையும் மொச்சையும் போட்டிருந்த காலத்தில், பன்றி விரட்டுவதற்கென்று உரிமம் வாங்கி வைத்திருந்தார். அது வெடித்து நான் பார்த்தது இரண்டே முறை. இரண்டு முறையும் பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்து, தேங்காய் நார், ரவை, மறுபடியும் நார் என்று ஒவ்வொன்றாகக் குழலுக்குள் போட்டு, கம்பியால் இடித்து, குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பின்மேல் செப்புத் தொப்பி போன்ற கேப்பை மாட்டி முடிப்பதற்குள் தாத்தாவுக்கே சிரிப்பு வந்துவிடும். "அடுத்த மருந்தக் கெட்டிக்கிறதுக்குள்ள பன்னி குமுளி ஏறி டீ குடிச்சிட்டு வந்துரும்டா" என்பார்.

அந்தத் துப்பாக்கியால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய ராணுவ ரிவால்வர்களைச் சேர்க்கிறவர்களுக்காக அச்சாகும் ஏலப் பட்டியல்களைப் பார்ப்பது. வாங்கும் வசதி கிடையாது, சட்டமும் விடாது, வேட்டையில் ஆசையும் இல்லை. வேட்டி விளம்பரத்தில் வருகிற ஜமீன் மாளிகையைப் பார்ப்பது போலப் பார்ப்பேன். தங்க வேலைப்பாடு, தந்தப் பிடி எல்லாம் வந்த வேகத்தில் கடந்து போய்விடும். கை நிற்பது ஒரே வகையில்தான்: கேப்பு காலத்தில் பிறந்து, பிறகு தோட்டாவுக்கு மாற்றப்பட்ட ரிவால்வர்கள். அறுத்து, அடைத்து, ஒட்டுப்போட்டவை.

கேப்பு என்பது இங்கே யாருக்கும் புதிதில்லை. தீபாவளிக்குச் சுருள் கேப்பு வாங்கித் தகர துப்பாக்கியில் மாட்டி வெடித்தவர்களுக்கு அந்த மணம் இன்னும் மூக்கில் இருக்கும். தட்டினால் தீப்பிடிக்கும் உப்பு, அவ்வளவுதான். இதைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். சக்கிமுக்கிக் கல்லின் பொறியைப் பார்த்ததும் பறவைகள் பறந்துவிடுகின்றன என்பதுதான் அவருடைய குறை. 1807-இல் காப்புரிமை வாங்கினார். பறவை சுடப் புறப்பட்டவரின் யோசனை அடுத்த ஐம்பது ஆண்டுகளில் உலகத்துப் படைகளையெல்லாம் மாற்றியது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அவர் என்ன சொன்னாரோ!

கேப்பு காலத்து ரிவால்வரின் உருளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தோ ஆறோ அறைகள். ஒவ்வோர் அறையும் முன்னால் திறந்து பின்னால் மூடிய கிணறு. முன்வழியாக மருந்தைக் கொட்டிக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலால் இடித்து இறக்க வேண்டும். பின்சுவரில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு காம்பு, அதன்மேல் ஒரு கேப்பு. எங்கள் தாத்தா செய்ததையே ஆறு தடவை செய்வது. ஆறும் தீர்ந்தால் சண்டையின் நடுவே மறுபடி முதலிலிருந்து.

பித்தளைத் தோட்டா வந்ததும் இந்தச் சடங்கு முடிந்தது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கிணறு வெட்டப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாறைக்கு வெடி வைக்கும்போது கேப்பைத் தோட்டாவுக்குள் செருகித்தானே வைக்கிறார்கள்? துப்பாக்கியிலும் நடந்தது அதுவே. மருந்தும் குண்டும் கேப்பும் தனித்தனியாக இருந்த நிலை போய், மூன்றையும் ஒரே கூடு விழுங்கிக்கொண்டது.

ஆனால் கிடங்குகளில் ஆயிரக்கணக்கில் கேப்பு ரிவால்வர்கள் கிடந்தன. நல்ல இரும்பு, நல்ல பிடி. தூக்கி எறிய மனம் வருமா? உருளையின் பின்சுவரை அறுத்தெடுத்தார்கள், அல்லது இருபுறமும் திறந்த புது உருளை போட்டார்கள். பின்னால் ஒரு தகடு, வலப்பக்கம் தோட்டா நுழைக்க ஒரு சிறு கதவு, வெற்றுக்கூட்டைத் தள்ளி வெளியேற்ற ஒரு கம்பி. இடிக்கிற நெம்புகோலுக்கு வேலை போயிற்று. பல துப்பாக்கிகளில் அதைக் கழற்றி, இருந்த இடத்தை அடைத்தார்கள். பிடியும் சட்டமும் விசையும் குழலும் அப்படியே இருந்தன. பிடித்த கைக்கு வித்தியாசம் தெரியாது.

சேகரிக்கிறவர்கள் தேடுவது இந்த அடைப்புகளைத்தான். குண்டை இறக்கச் சட்டத்தில் செதுக்கியிருந்த பள்ளம் இப்போது காரணமில்லாமல் நிற்பது. பழைய நெம்புகோல் திருகின் ஓட்டையில் பொருத்திய இரும்புத் துண்டு. முக்கியமாக எண்கள். 1871-இல் கோல்ட் நிறுவனம் தன் பொறியாளர் சார்லஸ் ரிச்சர்ட்ஸின் முறைப்படி அமெரிக்க ராணுவத்துக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட 1860 ஆர்மி ரிவால்வர்களை மாற்றிக் கொடுத்தது. அவற்றில் பிறந்தபோது பொறித்த எண் ஒன்றும், மாற்றியபோது பொறித்த எண் ஒன்றும் இருக்கும். நம் ஊர் பட்டாவில் யு.டி.ஆர் என்ற நிலப்பதிவுத் திருத்தத்துக்கு முந்தைய சர்வே எண்ணும் பிந்தைய எண்ணும் இருப்பதைப் போல. நிலம் ஒன்றுதான். ஆனால் பழைய எண் தெரியாமல் வில்லங்கம் பார்க்கப் போனால் கதை கந்தல். ரிவால்வர்காரர்களுக்கும் அதே கவலை: நேற்று யாரோ பட்டறையில் ராவி ஒட்டியதா, 1871-இல் ஒட்டியதா? உண்மையான ஒட்டுக்கு மதிப்பு, பொய்யான ஒட்டுக்கு மதிப்பில்லை. ஒட்டு என்பதே குறை என்று நினைத்து வளர்ந்த எனக்கு இந்தக் கணக்கு முதலில் விளங்கவில்லை.

அமெரிக்காவில் இந்த மாற்றம் ஏன் இவ்வளவு தாமதமானது என்பதற்கு ஒரு வழக்குக் கதை உண்டு. உருளையை முன்னும் பின்னுமாகத் துளைக்கும் யோசனைக்கு ரோலின் ஒயிட் 1855-இல் காப்புரிமை வாங்கி, அதை ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்குக் கொடுத்துவிட்டார். துப்பாக்கிக்கு 25 சென்ட் கூலி. காப்புரிமையை மீறுகிறவர்கள்மேல் வழக்கு நடத்தும் செலவு அவருடையது. வழக்காடியே கூலி கரைந்தது. 1869-இல் உரிமை காலாவதியானதும் நீட்டிப்புக் கேட்டு மனுப்போட்டார். அவருக்குச் சாதகமான மசோதாவை 1870-இல் ஜனாதிபதி கிராண்ட் நிராகரித்தார். ஒரு துளைக்காக 14 ஆண்டுகள் ஒரு நாடே காத்திருந்தது.

இங்கிலாந்தின் கதை வேறு. அங்கே படையின் ரிவால்வர் பியூமான்ட்–ஆடம்ஸ், ஐந்து அறை, 1856-இல் ஏற்றது. ராயல் இன்ஜினியர்ஸ் படையின் இளம் அதிகாரி ஃபிரெடரிக் பியூமான்ட், ராபர்ட் ஆடம்ஸின் ரிவால்வரில் விசையமைப்பைத் திருத்தியதால் இரட்டைப் பெயர். 1868-இல் ஜான் ஆடம்ஸ் என்பவரின் முறைப்படி அவற்றைத் தோட்டாவுக்கு மாற்றத் தொடங்கினார்கள். எனக்குப் பிடித்தது இதன் பின்கதை. இதே பியூமான்ட் பிற்காலத்தில் சுரங்கம் துளைக்கும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். 1880-களில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலுக்கு அடியில் சுரங்கம் போட நடந்த முதல் முயற்சியில் ஓடியது அந்த வழியில் வந்த இயந்திரம்தான்.

துளைக்கிற பொறியாளர் என்றதும் கம்பத்துக்காரனுக்கு வேறு ஒரு முகம்தானே நினைவுக்கு வரும்? டீக்கடையிலும் உரக்கடையிலும் மாலை போட்டு மாட்டியிருக்கிற முகம். ஜனவரி 15 அன்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிற முகம். பென்னிகுயிக்கை நாங்கள் அணைக்காரராகவே அறிவோம். ஆனால் முல்லைப் பெரியாறு திட்டத்தின் சூட்சுமம் அணையில் பாதிதான். மறுபாதி மலையைக் குடைந்த சுமார் 5,700 அடி சுரங்கத்தில் இருக்கிறது. பெரியாறு மேற்கே திறந்து கிழக்கே மூடிய ஓர் அறை. பின்சுவரைத் துளைத்ததும் அதே தண்ணீர் இந்தப் பக்கம் விழுந்தது. 1895 அக்டோபரிலிருந்து அப்படி விழுகிற தண்ணீரில்தான் பிற்காலத்தில் எங்கள் அப்பா நெல் நட்டார். மலையும் ஆறும் அப்படியே இருக்க, தண்ணீரின் திசை மட்டும் மாறியது. இந்த உவமையை ரொம்ப இழுத்தால் அறுந்துவிடும் என்று தெரியும். ஆனாலும் மாற்று ரிவால்வரின் உருளைப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குத் தேக்கடி மதகுதான் ஞாபகம் வந்தது.

பென்னிகுயிக் அணை கட்ட வருமுன் படைக்காரர். 1841-இல் புனேயில் பிறந்தவர். அவருக்கு எட்டு வயது ஆகுமுன்பே, 1849 சிலியான்வாலா சண்டையில் தகப்பனும் அண்ணனும் ஒரே நாளில் இறந்தார்கள். மதராஸ் இன்ஜினியர்ஸில் சேர்ந்த அவர் 1868-இல் அபிசீனியப் போருக்குப் போனார். அந்தப் போரைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. இன்றைய எத்தியோப்பியாவின் மன்னர் தெவோத்ரோஸ் ஐரோப்பியர்கள் சிலரைச் சிறைபிடித்து வைத்திருந்தார். அவர்களை மீட்க பம்பாயிலிருந்து ராபர்ட் நேப்பியர் தலைமையில் ஒரு படை, யானைகளோடு, கடல் தாண்டிப் போயிற்று. மக்தலா கோட்டை வாசலை உடைக்க வேண்டிய பொறியாளர் படையினர் வெடிமருந்தையும் ஏணியையும் எடுத்துவர மறந்துவிட்டார்கள் என்று வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. கோட்டை ஏப்ரல் 13-இல் விழுந்தது. தெவோத்ரோஸ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். விக்டோரியா மகாராணி முன்பு அன்பளிப்பாக அனுப்பிய கைத்துப்பாக்கியால்.

அந்தப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் கையில் இருந்தது ஸ்னைடர். அதுவும் மாற்றுத் துப்பாக்கியே. பழைய என்ஃபீல்டின் குழலைப் பின்பக்கம் வெட்டி, பக்கவாட்டில் திறக்கும் மூடி போட்டு, தோட்டாவுக்கு ஆக்கியது. நிமிடத்துக்கு மூன்று வேட்டு என்றிருந்தது பத்து ஆனது. மாற்றும் வழியைச் சொன்ன ஜேக்கப் ஸ்னைடர், உரிய பணம் கைக்கு வராமல் அலைந்து 1866-இலேயே இறந்து போனார். அதே மலையில், அதே வெயிலில், பக்கத்தில் நடந்த இந்தியச் சிப்பாயின் கையில் இருந்தது வாய்வழி மருந்து கெட்டிக்கிற பழைய துப்பாக்கி. மறதியோ பணத் தட்டுப்பாடோ இதற்குக் காரணமில்லை. தோட்டாவின் கொழுப்பை முன்னிட்டு வெடித்த 1857 சிப்பாய் எழுச்சிக்குப் பிறகு எழுதாத விதி ஒன்று உண்டாகியிருந்தது: இந்தியன் கையில் இருக்கும் ஆயுதம் வெள்ளையன் ஆயுதத்துக்கு ஒரு தலைமுறை பின்னால் இருக்க வேண்டும். அவர்களுக்கு மார்ட்டினி–ஹென்றி வந்தபோது நம்மவர்களுக்கு ஸ்னைடர். அவர்களுக்கு லீ–மெட்ஃபோர்டு வந்தபோது நம்மவர்களுக்கு மார்ட்டினி. 1857-ஐ ஒட்டி இன்னொரு வேலையும் செய்தார்கள். குறி தவறாமல் இருக்கக் குழலுக்குள் வெட்டியிருந்த வரிகள் இல்லாமல், மொழுக்கைக் குழலோடு ஒரு என்ஃபீல்டைச் சிப்பாய்க்கென்றே தயாரித்தார்கள். பின்னாளில் இஷாப்பூர் தொழிற்சாலையில் .303 துப்பாக்கிகளை .410 மொழுக்கைக் குழலாக்கிக் காவலர்களுக்குக் கொடுத்ததும் இந்த வம்சந்தான். மாற்றம் என்றால் முன்னோக்கித்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஏலப் பட்டியலில் இதெல்லாம் வராது. அங்கே மாற்று ரிவால்வர் என்றால் பொறியாளரின் கெட்டிக்காரத்தனம், சிக்கனம், ஒரு யுகம் இன்னொரு யுகத்துக்குள் கால் வைத்த கணம். உண்மைதான், எனக்கும் அது பிடித்துத்தான் பார்க்கிறேன். ஆனால் யாருக்கு மாற்றிக் கொடுத்தார்கள், யாரை மாற்றாமல் விட்டார்கள் என்று கேட்கும்போது, அந்தப் படங்களுக்குப் பின்னால் எங்கள் தாத்தாவின் கேப்புத் துப்பாக்கி வந்து நின்றுகொள்கிறது.

போடிநாயக்கனூரும் கண்டமனூரும் எரசக்கநாயக்கனூரும் பாளையங்களாகவும் ஜமீன்களாகவும் இருந்த மண் இது. பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பரில் மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாண்டிச் சீமை முழுக்க ஆயுதம் வைப்பதைத் தடுத்தது, கோட்டைகள் இடிபட்டன. வேல், வளரி, துப்பாக்கி எல்லாம் போயின. ஃபோர்சித் பாதிரியாருக்குக் காப்புரிமை கிடைப்பதற்கு ஆறு வருஷம் முந்தியே இங்கே கதை முடிந்துவிட்டது. 1878 ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியனுக்கு விலக்குக் கொடுத்தது. அப்புறம் 1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில், குற்றப்பரம்பரைச் சட்டத்தில் கைரேகை வைக்க மறுத்த மக்கள்மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் உட்பட 16 பேர் செத்தார்கள். அன்று கல்லும் கம்பும் ஒரு பக்கம், துப்பாக்கி மறுபக்கம். பழைய ராணுவத் துப்பாக்கியை அழகுப் பொருளாகப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஊர்ப் பெயர் எனக்குள் வந்துபோகும். அதற்காகப் பட்டியலை மூடி வைத்துவிடுகிறேன் என்றும் சொல்ல முடியாது.

இப்போதிருப்பது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 45-ஆம் பிரிவில் சேகரிப்பாளனுக்கு ஒரு சின்ன சந்து உண்டு. வழக்கொழிந்த, அல்லது பழம்பொருள் மதிப்புள்ள, அல்லது பழுதான ஆயுதம், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருந்தால், அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வயது மட்டும் போதாது, செத்திருக்கவும் வேண்டும். அமெரிக்காவில் 1898-ஆம் ஆண்டோ அதற்கு முன்போ செய்ததாக இருந்தால் கூட்டரசுச் சட்டத்தின் கண்ணில் அது பழம்பொருள். உயிரோடு இருந்தாலும் பரவாயில்லை. பிரிட்டனில் தோட்டாவை வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். இன்று கடையில் கிடைக்காத அளவென்றால் பழம்பொருள். ஆனால் அந்தத் தோட்டாக்களைக் குற்றவாளிகள் கையாலேயே செய்யத் தொடங்கியதும், 2021-இல் .442 ரிவால்வர் தோட்டா உள்ளிட்ட ஏழு அளவுகளைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைபோல் இருந்தவை ஒரே நாளில் மறுபடியும் துப்பாக்கியாயின.

கேப்புத் துப்பாக்கி அந்த நாடுகளில் கண்ணாடிப் பெட்டிக்குப் போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது. தேனி மாவட்டத்தில் அது விவசாயக் கருவி. மண்வெட்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைக்கிற பொருள். குருவிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோளில் போட்டுத் திரிந்த பொருள். தேர்தல் அறிவித்ததும் உரிமத்தோடு காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்ததும் மீட்டு வர வேண்டிய பொருள். அதைத் தோளில் வைத்துக்கொண்டு தாத்தா பேருந்தில் போவார். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கண்டக்டர் மட்டும், "வேட்டு இருக்கா தாத்தா?" என்பார். "எம் பேரனுக்குத் தீவாளிக்கு வாங்குன கேப்புதான் இருக்கு" என்பார் இவர்.

எங்கள் ஊர் எல்லையில் கருப்பசாமி கோயில். சாமிக்குக் கையில் அரிவாள், காவலுக்கு இருபுறமும் சுதையில் செய்த சிப்பாய்கள், தோளில் துப்பாக்கி. கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் வர்ணம் பூசுவார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தத் துப்பாக்கிக்கு நீளக் குழலும் அடியில் கெட்டிக்கம்பியும் இருந்தன. அடுத்த முறை வந்த சிற்பி கம்பியைச் செதுக்கி எடுத்துவிட்டு, ஏதோ சினிமாவில் பார்த்த மாதிரி, கீழே வளைந்த தோட்டாப் பெட்டி ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார். பிடியும் கட்டையும் பழையவை. கம்பி இருந்த தடம், வர்ணத்துக்கு அடியில், விரலால் தடவினால் இன்னும் தெரிகிறது. நான் நேரில் தொட்ட ஒரே மாற்றுத் துப்பாக்கி அதுதான். பூசாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தாத்தா இறந்தபின் உரிமத்தை அப்பா பெயருக்கு மாற்ற முயன்றோம். காட்டை விற்றாயிற்று, பன்றி விரட்ட இடமில்லை, பிறகு எதற்கு என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அப்பா வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டு வந்தார். கொடுத்த ரசீதில் 'ஒற்றைக்குழல் மருந்துத் துப்பாக்கி – 1' என்று எழுதியிருந்தது. எண்ணுக்கான கட்டத்தில் ஒரு கோடு. பட்டறையில் அடித்த துப்பாக்கிக்கு எண் ஏது? அது இன்னும் டிரங்குப் பெட்டியில், பழைய பட்டாவோடு இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, கெட்டிக்கம்பி வீட்டிலேயே நின்றுவிட்டது என்று. கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்தது, நுனியில் பித்தளைப் பூண் போட்ட நாலடி இரும்பு. கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் அம்மா அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள். சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைத்துக்கொண்டால் முனையைத் திறந்து இடித்துத் தள்ள அதைவிடத் தோதான கம்பி கிடையாதாம். போன வாரம் போனபோதும் மோட்டார் ரூம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது, பூண் மட்டும் தேய்ந்து பளபளவென்று.